சாமிக்கு விட்ட திரி

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தம்பி செல்லப்பாண்டி என் மேசைமேல் கொண்டுவந்து போட்டது ஒரு முழத் திரி. கறுப்பாக, தார் வாசனையோடு, ஸ்டவ் திரியைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"எடுறா அதை! வீட்டுக்குள்ள கொண்டாந்து போடுறியே, அறிவிருக்கா ஒனக்கு?"

"வெறுந் திரிக்கா. மருந்து இருந்தாத்தான் வெடிக்கும். இது சும்மா புகையும், அம்புட்டுத்தான்," என்று சிரித்தான்.

எதற்கெடுத்தாலும் சிரிப்பான். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் அப்போது மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஆரப்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். தம்பி படிப்பு ஏறாமல், டி. கல்லுப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டுகிற ஒரு செட்டில் சேர்ந்துவிட்டான். அதிலும் போயும் போயும் வேட்டு வைக்கிற வேலை.

அது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றுக்குள் பாறை தட்டியதும் அதில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைச் செருகுவார்கள். எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள். ஒருவன் மட்டும் அடியில் நின்று திரியில் நெருப்பு வைத்துவிட்டுக் கயிற்றில் தொங்க வேண்டும். மேலே இருப்பவர்கள் கிரேனைச் சுற்றி அவனை இழுப்பார்கள். திரி எரிந்து முடிவதற்குள் அவன் வெளியே வந்து ஓடிவிட வேண்டும். அந்த ஒருவன்தான் என் தம்பி.

வேட்டேய்!

எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மழை ஏமாற்றிய வருஷங்கள். திருமங்கலம் தாண்டினால் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பருத்தி வாடியது, மிளகாய் வாடியது, வேட்டுச் சத்தம் மட்டும் குறைவில்லாமல் கேட்டது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. வெடிக்கும் முன்னால் ஒருத்தர் மேட்டில் நின்று "வேட்டேய்... வேட்டேய்..." என்று இழுத்துக் கூப்பிடுவார். ஆடு மாடுகளை ஓட்டிப் போவார்கள். நான் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். சத்தம்கூடப் பரவாயில்லை. கூப்பாட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு அமைதி இருக்குமே, அதுதான் உயிரை எடுக்கும்.

செல்லப்பாண்டி அப்போது வாசலுக்கு ஓடுவான், கல் பறப்பதைப் பார்க்க. எத்தனை அடி வாங்கினாலும் ஓடுவான். பெரியவனானதும் அந்த வேலைக்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பயம்தான்.

சரி, திரிக்கு வருகிறேன்.

மேற்கே ஏதோ ஒரு ஊரில் வேறொரு செட்டைச் சேர்ந்த ஆள் கிணற்றுக்குள்ளேயே செத்துப்போயிருந்தார். "திரி ஓடிருச்சு" என்றார்கள். மெதுவாக எரிய வேண்டிய திரி விறுவிறுவென்று எரிந்து, அவர் பாதிக் கயிற்றில் தொங்கும்போதே மருந்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சமயம் பார்த்துத் தம்பியின் மேஸ்திரி வேலுச்சாமி ஒரு புதுக் கடையில் புதுச் சுருள் வாங்கி வந்திருந்தார். ஆட்கள் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்த அறிவாளி அங்கே வாயைக் கொடுத்திருக்கிறான். "எங்க அக்கா காலேஜுல இந்தக் கணக்குத்தான் நடத்துது. ஒரு சுருளு நல்லதா கெட்டதான்னு நாலு துண்ட வச்சே சொல்லிப்புடும்."

மேஸ்திரிக்கும் அது பிடித்துப்போயிருக்கிறது. "டீச்சரம்மா நல்லதுன்னு சொன்னா எறங்குவீகளா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் தலையை ஆட்டியிருக்கிறார்கள். இப்படித்தான் ஒரு கிணற்றின் அடியில் நிற்கப்போகிறவனின் உயிர் என் மேசைக்கு வந்தது.

ஒன்பது துண்டு

கடைக்காரர் சொன்ன கணக்கு, ஒரு அடித் திரி எரிய சராசரியாக அரை நிமிஷம். சுருளை முழுவதும் எரித்துப் பார்த்தால் அது நிஜமா என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். ஆனால் வேட்டு வைக்கத் திரி மிஞ்சாது. ஆகவே சில துண்டுகளை மட்டும் எரித்துப் பார்த்து, அதிலிருந்து முழுச் சுருளைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அவர்களே அடி அடியாக வெட்டி, கிணற்று மேட்டில் கொளுத்தி, மேஸ்திரியின் கைக்கடிகாரத்தில் விநாடி பார்த்திருந்தார்கள். ஒன்பது துண்டின் நேரத்தையும் தம்பி சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று எல்லாம் முப்பதை ஒட்டியே இருந்தன. சராசரி முப்பதுக்கு ஒரு அரை விநாடி குறைவு.

அந்தக் குறைவு தற்செயலா, இல்லை திரியே வேகமான திரியா? அதைப் பார்க்கத்தான் டி டெஸ்ட் இருக்கிறது. முதலில் கடைக்காரர் சொன்னது உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு, அது உண்மையாக இருந்தால் கையில் உள்ள துண்டுகள் இந்த அளவுக்குக் குறைய வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வாய்ப்பு மிகக் குறைவு என்றால் கடைக்காரர் சொன்னதைத் தள்ளிவிடலாம். இல்லையென்றால் தள்ள முடியாது. இவ்வளவுதான் விஷயம். இதற்கே என் மாணவிகள் அழுவார்கள்.

கணக்கைப் போட்டேன். விடை அட்டவணையில் உள்ள எல்லையைத் தாண்டவில்லை.

"கெட்ட திரின்னு சொல்ல ஆதாரம் இல்லடா," என்றேன்.

"அப்ப நல்ல திரிதான?"

"நல்ல திரின்னு நான் சொல்லலையே."

"என்னக்கா இது! கெட்டது இல்லன்னா நல்லதுதான?"

"இல்லடா. துண்டு கம்மி. கெட்டதுன்னு நிரூபிக்க முடியல, அம்புட்டுத்தான். கோர்ட்ல ஆதாரம் பத்தாம ஒருத்தன விட்டுட்டா, அவன் திருடலன்னு ஆயிருமா?"

"அது சரி, விட்டுட்டாகள்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா போட்ட சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தச் சோதனையில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கலாம். நல்ல சுருளைக் கெட்டது என்று தள்ளிவிடலாம். கெட்ட சுருளை நல்லது என்று விட்டுவிடலாம். நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் தப்பு வரக் கூடாது என்று நாங்கள் வகுப்பில் கிளிப்பிள்ளையாகச் சொல்வதெல்லாம் முதல் தப்புக்குப் போட்ட காவல். அதில் கடைக்காரருக்குத்தான் பாதுகாப்பு. கிணற்றுக்குள் நிற்பவனுக்கு இரண்டாவது தப்புதான் எமன். அதற்கு அன்றைக்கு என்னிடம் ஒரு காவலும் இல்லை.

"எதுக்கும் திரிய நீளமா வெட்டி வைங்கடா," என்று சொல்லி அனுப்பினேன். "சரிக்கா, வாரேன்," என்று போய்விட்டான். ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அம்மா சொன்ன நல்ல சகுனம்

மறுநாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அம்மா சந்தோஷமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காத. அவனுக்கு ஒண்ணும் வராது. கருப்பசாமியே வாக்குக் குடுத்துட்டாரு."

"என்னம்மா வாக்கு?"

"நேத்து சாப்புடும்போது சொன்னான். புதுச் சுருளப் பிரிச்சா மொதத் துண்டு சாமிக்குத்தானாம். சூடத்தக் காட்டி, அவரு பேரச் சொல்லிக் கொளுத்தி விடுவாகளாம். அந்தத் துண்டு சர்ருன்னு எரிஞ்சிருச்சாம். மத்ததுல பாதி நேரங்கூட ஆகலையாம். சாமி வெரசா வாங்கிக்கிட்டாருன்னு எல்லாருக்கும் ஒரே சந்தோசமாம்."

சீப்பு கையிலிருந்து விழுந்தது.

"அந்தத் துண்ட அட்டையில எழுதலையாம்மா?"

"சாமிக்கு விட்டதப் போயி யாராச்சும் கணக்குல சேப்பாகளா? என்ன பேச்சுப் பேசுற நீ!"

அவள் சொன்னது அவர்கள் முறைப்படி நியாயம்தான். விளைச்சலில் முதல் மரக்கால் சாமிக்குப் போனால் அதை மகசூலில் யாரும் சேர்ப்பதில்லை. பால் கறந்தால் முதல் பீச்சு பூமிக்கு. என்னை ஏமாற்ற வேண்டும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது திரியே இல்லை, காணிக்கை. ஒன்பது துண்டு எரித்தோம் என்றுதான் மனசாரச் சொன்னார்கள். எரிந்தது பத்து.

கரும்பலகை

அன்று முதல் மணி நேரமே எனக்கு வகுப்பு. பாடமும் அதே பாடம். தம்பிக்குத் தகவல் சொல்ல அந்தக் காட்டில் போனா இருக்கிறது? காலையில் குழி போடுவார்கள், வேட்டு மத்தியானத்துக்கு மேல்தான் என்று அவன் சொன்னதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். முதலில் கணக்கைத் திருத்துவோம், எல்லையைத் தாண்டிவிட்டால் கையில் ஆதாரத்தோடு போய் நிறுத்திவிடலாம் என்று எண்ணினேன். படித்தவள் புத்தி அப்படித்தான் போகும்.

கரும்பலகையில் பழைய ஒன்பதையும் எழுதினேன். பத்தாவதாக, அம்மா சொன்னதை வைத்துப் பதினைந்து என்று எழுதினேன். கிணற்று விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளைப் போடச் சொல்லிவிட்டு நானும் போட்டேன்.

சராசரி நன்றாக இறங்கியது. நிமிர்ந்து நின்றேன். ஆனால் கடைசி விடை வந்தபோது எனக்குக் கண் இருட்டியது. நேற்று வந்ததைவிட இன்றைக்கு விடை சின்னதாக இருந்தது. எல்லைக்கு இன்னும் உள்ளே போயிருந்தது. ஒரு துண்டு ஓடிப்போனது என்று தெரிந்த பிறகு, அட்டவணை முன்னைவிடத் தைரியமாக, தள்ள முடியாது என்கிறது!

இரண்டு தடவை சரிபார்த்தேன். கணக்கில் பிசகில்லை. துண்டுக்குத் துண்டு உள்ள வித்தியாசம் இந்தச் சூத்திரத்தில் வகுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு துண்டு தாறுமாறாகப் போனதும் அந்த வித்தியாசம் பெருத்துவிட்டது. அது பெருத்ததும் விடை சிறுத்துவிட்டது. திரி எவ்வளவு தாறுமாறோ, அவ்வளவுக்குக் கடைக்காரருக்குச் சந்தேகத்தின் பலன்!

முன் பெஞ்சில் சோழவந்தான் பிள்ளை ஒருத்தி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண், எழுந்து சொன்னாள். "மிஸ், கடைக்காரர் சொன்னத ரிஜக்ட் பண்ண முடியல மிஸ். அப்ப எறங்கலாம்ல?"

அவள் புத்தகத்தில் உள்ளபடி சரியாகத்தான் சொன்னாள். நான்தானே சொல்லிக்கொடுத்தேன். கேள்வியே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. சுருளின் சராசரி என்னவாக இருந்தால் என்ன? அவன் சராசரியையா கொளுத்தப்போகிறான்? ஒரு துண்டைக் கொளுத்துவான். அது ஓடுகிற துண்டாக இருந்தால் மற்றதெல்லாம் நல்ல துண்டாக இருந்து என்ன பிரயோஜனம்?

"எறங்கக் கூடாதும்மா," என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை வைத்தேன். லீவு எழுதிக்கொடுக்கக்கூட நிற்கவில்லை.

கிணற்று மேட்டில்

டி. கல்லுப்பட்டி போகிற பஸ்ஸை டிரைவர் அன்றைக்கென்று உருட்டினார் உருட்டு. திருமங்கலத்தில் டீ குடிக்க இறங்கியபோது அவரை அடிக்கலாம் போல இருந்தது. ஊர் விலக்கில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். எந்த நிமிஷமும் "வேட்டேய்" என்று கேட்கும் என்று காது அதிலேயே இருந்தது. செருப்பு அறுந்ததைக்கூடத் தூரம் போனபிறகுதான் பார்த்தேன்.

புளியமரத்தடியில் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பியும் இருந்தான். கண்ணால் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"என்னக்கா, அம்மாவுக்கு என்ன?" என்று ஓடிவந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி வேலுச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா டீச்சரு, நேத்து நல்லதுன்னு சொல்லிவிட்டுட்டு இன்னைக்கு வந்து கெட்டதுங்கிறீக. இப்ப அந்தத் துண்டையும் சேத்துக் கணக்குப் போட்டீகளா, இல்லையா?"

"போட்டேன்."

"என்ன வந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கெட்டதுன்னு நிரூபிக்க முடியலன்னுதான் வந்துச்சு," என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். "கூடப்பெறந்த பாசம். தப்பில்ல. ஒங்க தம்பி எறங்க வேணாம், கூட்டிட்டுப் போங்க. இருளாண்டி, நீ எறங்கப்பா."

இருளாண்டி வேட்டு வேலையில் தம்பிக்குக் கூட்டாளி. சின்ன வயசு. மறுபேச்சு இல்லாமல் எழுந்து இடுப்பில் துண்டைக் கட்டினான். மண் சுமக்க வந்திருந்த அவன் மனைவி பேச்சி, கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் தம்பி தப்பித்தான் என்று ஒரு நொடி நெஞ்சு லேசானது நிஜம். அவள் பார்வையில் அது அப்படியே கருகிப்போய்விட்டது. நான் பஸ் ஏறி வந்த பயம் இப்போது அவளிடம் போயிருந்தது.

"யாரும் எறங்கக் கூடாது," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "எறங்கினா நானும் கூடவே எறங்குவேன்."

"இது என்னம்மா வம்பாப்போச்சு! சுருளு நல்லதா கெட்டதான்னு எப்படித்தான் சொல்லுவீக?"

"பூராத்தையும் நீட்டி வச்சுக் கொளுத்துங்க. எங்கயும் ஓடலன்னா நான் கால்ல விழுந்துட்டுப் போறேன்."

"கொளுத்திப்புட்டு எத வச்சு வேட்டுப் போட? வாயை வச்சா?"

பேச்சி எழுந்தாள். பிள்ளையை இருளாண்டி கையில் கொடுத்தாள். பக்கத்து வேப்பமரத்துக் கிளையில் தொங்கிய சுருளை எடுத்துவந்து என் காலடியில் போட்டாள்.

"கொளுத்துங்க டீச்சரு," என்றாள்.

"ஏ, யாரக் கேட்டு எடுக்குற?" என்று மேஸ்திரி அதட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு இருளாண்டியால் எங்கும் போகவும் முடியவில்லை. மேஸ்திரி என்னென்னவோ முணுமுணுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

உழுத காட்டில் நேராக நீட்டிப் போட்டார்கள். தம்பிதான் பற்றவைத்தான். புகை சின்னதாகக் கிளம்பி மெல்ல ஊர்ந்தது. ஒழுங்காக, சாதுவாக ஊர்ந்தது. நாங்கள் கூடவே நடந்தோம். ஒரு வரப்பு தாண்டிற்று, ஒன்றும் இல்லை. மேஸ்திரி எழுந்து வந்தார். பாதிக்கு மேல் போயிற்று, ஒன்றும் இல்லை. "பாத்தீகளா?" என்றார். எனக்கு வேர்த்து ஊற்றியது. ஓடக் கூடாதே என்று பயமாக இருந்தது. ஓடாமல் போய்விட்டால் இவர்கள் இனிமேல் எதற்கும் நிற்க மாட்டார்களே என்றும் பயமாக இருந்தது.

அப்போது சீறியது. பாம்பு சீறினதுபோல ஒரு சத்தம். எங்கள் காலடியில் இருந்த புகை, கண்ணை மூடித் திறப்பதற்குள், ரெண்டு ஆள் நீளம் தள்ளிப்போய் நின்றது. நடுவில் இருந்த திரி எப்போது எரிந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அங்கிருந்து மறுபடியும் சாதுவாக ஊர ஆரம்பித்தது.

மேஸ்திரி வேலுச்சாமி அந்தக் கருகின கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சி போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இருளாண்டி இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். வந்துவிட்டேன், நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்குள் அப்படியொரு நிம்மதி. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சிரிப்பும் இல்லை. அவன் சிரிக்காத முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அக்கா," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "போன வாரத்துக் குழி நாலு பாக்கி கெடந்துச்சு. காலையில மேஸ்திரி வாரதுக்கு முன்னாடியே அதுகளுக்கு வேட்டு வச்சுட்டேன். நீ நீளமா வெட்டச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. இருந்தாலும் சிக்கனமாப் போகட்டும்னு வழக்கமான அளவுதான் வெட்டினேன்."

"எந்தத் திரியில?"

அவன் காட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். புகை இன்னும் போய்க்கொண்டிருந்தது.

நான் கரும்பலகைமுன் நின்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் நாலு தரம் கீழே நின்று நெருப்பு வைத்துவிட்டு வந்திருக்கிறான். அவன் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, மாடிப்படி ஏறி, அம்மா கதவைத் திறக்கிறவரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை.